ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகுதான் கவனம் வேண்டும்



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மலேரியாவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சல் விட்டுவிடும். ஆள் எழுந்து பெரட்டுக்கு வந்துவிடுவார். சில மாதம் கழித்து அதே குளிர், அதே நடுக்கம். ஒரு வகை மலேரியாக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து மறுபடி கிளம்பும். அதனால்தான் காய்ச்சல் நின்ற பிறகும் மருந்தை விடக் கூடாது என்று தோட்டத்து டிரசர் அந்தக் காலத்தில் தலைபாடாக அடித்துக்கொண்டார்.

இந்த மாதம் நாம் பேசப் போகும் நோய் கிருமியால் வருவது அல்ல. ஆனால் இதுவும் போனது போலப் போய், திரும்பி வரும் நோய்தான். பட்டினி கிடந்து உடலை உருக்கிக்கொள்ளும் இந்த நோய்க்கு அனொரெக்சியா நெர்வோசா என்று பெயர். பெண் பிள்ளைகளுக்கே அதிகம் வருகிறது. ஆண் பிள்ளைகளுக்கும் வருவதுண்டு. பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்து, எடை ஏறி, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்று டாக்டர் சொன்னதும், பெற்றோர் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, 'அப்பாடா, தொல்லை விட்டது' என்று நினைக்கிறார்கள். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. ஆஸ்பத்திரி செய்தது பாதி வேலை. மீதிப் பாதி வீட்டில், சாப்பாட்டு மேசையில், அடுத்த ஓராண்டு இரண்டாண்டில் நடக்க வேண்டிய வேலை. அதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

நம் பிள்ளைகளுக்கும் இது வருமா?

"இதெல்லாம் வெள்ளைக்காரங்க வீட்டு நோய். சோத்துக்குக் கஷ்டப்பட்டு வந்த நமக்கு எங்கேர்ந்து வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. லண்டன் மருத்துவர் வில்லியம் கல் என்பவர் 1873இல் இந்த நோயைப் பற்றிப் பேசி, அதற்கு இந்தப் பெயரைக் கொடுத்தார். அதே ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர் லாசெக் என்பவரும் தனியாக இதைப் பற்றி எழுதினார். 1981இல் மலேசியாவைப் பற்றி வெளிவந்த ஓர் ஆய்வு இங்கே இந்த நோய் மிக அரிது என்றே சொன்னது. அந்தக் காலம் மாறிவிட்டது. சிங்கப்பூரில் 1994 முதல் 2002 வரை சிகிச்சைக்கு வந்த 126 பேரைப் பற்றி 2005இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள்தான். ஆனால் மலாய்க்காரர்களும் இந்தியர்களும் அந்தக் கணக்கில் இருந்தார்கள்.

இன்னொரு செய்தியும் நமக்குத் தெரிய வேண்டும். 'நான் குண்டாக இருக்கிறேன்' என்று சொல்கிற பிள்ளைக்குத்தான் இந்த நோய் என்று பலர் நினைக்கிறார்கள். ஹாங்காங்கில் 70 நோயாளிகளை ஆராய்ந்து 1993இல் வெளிவந்த ஓர் அறிக்கை வேறு விதமாகச் சொல்கிறது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் குண்டாகிவிடுவோம் என்ற பயத்தைச் சொல்லவே இல்லை. "வயிறு உப்பிக்கிட்டு இருக்கு", "பசி இல்லே", "சாப்பிட்டா ஒரு மாதிரியா இருக்கு" என்பது போன்ற பேச்சுதான். நம் வீடுகளிலும் இந்தப் பேச்சைக் கேட்டு, 'கேஸ்' என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் போய்விடலாம். சிகிச்சை முடிந்து வந்த பிள்ளை மறுபடி இப்படிச் சொல்ல ஆரம்பித்தால், அதை வெறும் வயிற்றுக் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள்.

எடை ஏறியது, நோய் போய்விட்டதா?

இல்லை. எடை முதலில் ஏறும். மனம் பின்னால்தான் வரும். இரண்டுக்கும் இடையே பல மாதங்கள் இருக்கும்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய சோதனை உதவும். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆராய்ச்சியாளர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான ஆண்களுக்கு 24 வாரம் அரை வயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். அவர்கள் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அவர்கள் மனத்தில் நடந்தது. பகலும் இரவும் சாப்பாட்டு நினைப்பு. தட்டைச் சுரண்டிச் சுரண்டி மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள். சமையல் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு போயிற்று, எரிச்சல் வந்தது, நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள். மறுபடி நன்றாகச் சாப்பாடு கொடுத்த பிறகும் இந்தக் குணங்கள் உடனே போகவில்லை, மாதக்கணக்கில் இழுத்தன. நோய் எதுவும் இல்லாத ஆண்களுக்கே இப்படி என்றால், நோய் பிடித்த பிள்ளையின் மனம் ஆஸ்பத்திரியில் இருந்த சில வாரத்தில் தெளிந்துவிடுமா?

பால்மரத்தை வைத்துச் சொன்னால் நமக்கு எளிதாக விளங்கும். அளவுக்கு மீறி வெட்டி, பால் நின்று காய்ந்துபோன மரத்துக்கு ஓய்வு கொடுக்கிறோம். சில மரம் மறுபடி பால் கொடுக்கும். கொடுத்ததே என்று மறுநாளே பழையபடி கத்தியை வைத்தால் மரம் என்ன ஆகும் என்று எந்த வெட்டுக்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

கேரன் கார்ப்பெண்டர் என்ற அமெரிக்கப் பாடகியின் பாட்டை ரேடியோவில் கேட்டவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். அவருக்கு இந்த நோய் இருந்தது. நியூயார்க்கில் சிகிச்சை பெற்றார். ஆஸ்பத்திரியில் எடை ஏறியது. 1982 நவம்பரில் வீடு திரும்பினார். 1983 பிப்ரவரி 4ஆம் தேதி, 32 வயதில், இதயம் நின்று இறந்தார். எடை ஏறிவிட்டது என்பதும் நோய் முடிந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல என்று உலகம் கற்றுக்கொண்ட விலை அது.

எப்போது திரும்பி வரும்?

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வெளியான கணக்கின்படி, சிகிச்சை முடிந்தவர்களில் 100க்கு ஏறக்குறைய 31 பேருக்கு நோய் திரும்பியது. ஆக, திரும்பாதவர்களே அதிகம். அதை மறக்க வேண்டாம். ஆனால் மூன்று பேரில் ஒருவர் என்பது சின்னக் கணக்கும் அல்ல.

காலம் எது? நெதர்லாந்து நாட்டில் 83 பேரைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியான ஆய்வு, சிகிச்சை முடிந்த 4ஆம் மாதத்திலிருந்து 16ஆம் மாதம் வரைதான் முழுமையாகத் திரும்பும் ஆபத்து மிக அதிகம் என்றது. இதைக் கவனியுங்கள். முதல் ஒரு மாதம் வீட்டில் எல்லாரும் கண்ணும் கருத்துமாக இருக்கிறோம். நான்காவது மாதத்தில் நமக்குக் களைப்பு வந்துவிடுகிறது. அம்மா மறுபடி அதிகாலை வேலைக்குப் போகிறார், அப்பா இரவு ஷிப்டுக்குப் போகிறார், பிள்ளை "நான் ஸ்கூல்லயே சாப்ட்டேன்மா" என்கிறது. நாம் தளர்கிற நேரமும் நோய் எழுகிற நேரமும் ஒன்றாகிவிடுகிறது.

வீட்டுக்கு வந்த முதல் நாலு வாரத்தில் எடை குறைகிறதா என்பதும் முக்கியமான அடையாளம். அந்தச் சமயத்தில் எடையைக் காப்பாற்றிக்கொண்டவர்களே ஓராண்டு கழித்தும் நன்றாக இருந்தார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 'கொஞ்சம்தானே குறைஞ்சிருக்கு, அப்புறம் ஏறிரும்' என்று விடக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலாவது, நேரம். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று முறை பலகாரம். இது கடிகாரத்தைப் பார்த்துப் போட வேண்டிய சாப்பாடு. பசியைக் கேட்டு அல்ல. பட்டினி கிடந்த உடம்பில் பசி உணர்வு சரியாக வேலை செய்ய நெடுநாள் பிடிக்கும். "பசிச்சா சாப்பிடு கண்ணு" என்பது மற்றப் பிள்ளைகளுக்கு நல்ல பேச்சு. இந்தப் பிள்ளைக்கு இன்னும் சில காலம் உதவாது. மருந்து வேளைக்குச் சாப்பிடுவது போல, சாப்பாடும் வேளைக்கு.

இரண்டாவது, துணை. வீட்டில் ஒருவராவது கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அம்மா வேலைக்குப் போனால் அப்பா, அப்பா இல்லாவிட்டால் பாட்டி, அத்தை. போலீஸ்காரர் மாதிரி முறைத்துப் பார்த்துக்கொண்டு அல்ல. ஊர்க் கதை பேசிக்கொண்டு, டிவி நாடகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு. சாப்பிட்டு முடித்த பிறகும் அரை மணி, ஒரு மணி நேரம் கூட இருப்பது நல்லது. மனப் போராட்டம் அப்போதுதான் அதிகம்.

"இது பொம்பளைங்க பார்க்கிற விஷயம்" என்று தகப்பன்மார் ஒதுங்கக் கூடாது. லண்டன் மோட்ஸ்லி ஆஸ்பத்திரியில் நடந்து 1987இல் வெளியான ஆய்வில், 18 வயதுக்குள் நோய் கண்டு மூன்றாண்டுக்கு மேல் ஆகாத பிள்ளைகளுக்கு, தனியாக ஆலோசனை கொடுப்பதைவிடக் குடும்பத்தையே சேர்த்துக்கொண்டு செய்த சிகிச்சை நன்றாகப் பலன் கொடுத்தது. அந்த முறையில் அம்மாவும் அப்பாவும் ஒரே வாயாகப் பேசுவது முதல் பாடம். ஒருவர் "சாப்பிட்டே ஆகணும்" என்று சொல்ல, மற்றவர் "விடு, பாவம்" என்று சொன்னால், அந்த இடைவெளியில் நோய் நுழைந்துகொள்ளும்.

மூன்றாவது, பலவகைச் சாப்பாடு. 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு ஒரு முக்கியமான உண்மையைக் காட்டியது. எடை தேறிய பிறகும் சத்துக் குறைந்த ஒரே மாதிரிச் சாப்பாட்டையே திரும்பத் திரும்பச் சாப்பிட்டவர்களுக்குப் பின்னால் நிலைமை சரியாக அமையவில்லை. எண்ணெய், தேங்காய், முட்டை என்று சத்து நிறைந்த பலவகை உணவு சாப்பிட்டவர்கள் நன்றாகத் தேறினார்கள். ஆகவே, கீரையும் ஆப்பிளும் ரசமும் மட்டும் சாப்பிட்டு, "நான்தான் சாப்பிடுறேனே" என்று பிள்ளை சொன்னால் திருப்தி அடைய வேண்டாம். நாசி லெமாக், தேங்காய்ப்பால் ஊற்றிய கறி, நெய் விட்ட தோசை, கச்சான், வாழைப்பழப் பொரியல், சுண்டிய பால் போட்ட மைலோ, இவையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டுக்குத் திரும்பி வர வேண்டும். பயந்து ஒதுக்கிய உணவுகளை ஒரு பட்டியல் போட்டு, வாரம் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு டாக்டர் சொல்லும் 'எண்ணெயைக் குறை, இனிப்பைக் குறை' என்ற புத்திமதி, இனிப்பு நீரும் ரத்த அழுத்தமும் மிகுந்த நம் வீடுகளில் சரிதான். ஆனால் தாத்தாவின் பத்தியம் பேத்திக்குப் பொருந்தாது.

நான்காவது, தராசு. எடை பார்க்கும் மெஷின் வீட்டில் வேண்டாம். கிளினிக்கில் மிஸ்ஸி குறித்த நாளில் ஒரே தராசில் எடை பார்க்கட்டும். ஆரம்பத்தில் வாரம் ஒருமுறை, பிறகு டாக்டர் சொல்கிறபடி. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தராசில் ஏறி இறங்குவதும் நோயின் வேலைதான். பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். உடம்பு உள்ளுக்குள் தேறுகிறதா என்று காட்டும் அடையாளங்களில் அதுவும் ஒன்று.

ஐந்தாவது, ஓட்டமும் உடற்பயிற்சியும். தேறிவரும் பிள்ளை விடியற்காலையில் எழுந்து ஓடுவதும், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்வதும் சுறுசுறுப்பு என்று மெச்ச வேண்டியதல்ல. விளையாட்டு எப்போது, எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும்.

நாக்கைக் கட்டுங்கள்!

நம் மக்கள் அன்பானவர்கள். அந்த அன்பே சில சமயம் கத்தியாகிவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிள்ளையைக் கல்யாண வீட்டில் பார்த்ததும், "அடடே, நல்லா சதை போட்டுட்டியே! இப்பதான் மூஞ்சி லட்சணமா இருக்கு!" என்று கன்னத்தைக் கிள்ளுவோம். நாம் சொல்வது பாராட்டு. பிள்ளையின் காதில் விழுவது 'நீ குண்டாகிவிட்டாய்' என்ற ஒரே வார்த்தை. அன்றைக்கு இரவுச் சாப்பாடு நின்றுபோகலாம்.

"இவ்வளவு செலவு பண்ணி வைத்தியம் பார்த்தோமே, உனக்கு நன்றி இருக்கா?" என்பதும், "உலகத்துல எத்தனை பேர் சோறு இல்லாம சாவுறான்" என்பதும் அப்படித்தான். இது பிடிவாதம் அல்ல, நோய். நோயாளியைத் திட்டி எந்த நோயும் குணமானதில்லை.

பின் என்ன பேசுவது? உடம்பைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம். "வா, உக்காரு. ரொம்ப நாளாச்சு உன்னைப் பார்த்து. படிப்பு எப்படிப் போகுது?" இவ்வளவு போதும். உறவினர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது பெற்றோர் கடமை. வீட்டிலும் அம்மா, அக்கா, சித்தி யாரும் பிள்ளை எதிரில் தங்கள் உடம்பைக் குறை சொல்லிக்கொண்டு 'டயட்' பேச வேண்டாம்.

எழுதி வைத்த தாள்

நெதர்லாந்தில் இந்த நோய்க்கென்றே ஒரு தடுப்பு முறையை வகுத்திருக்கிறார்கள். அதன் அடிப்படை ஒரு தாள்தான். பிள்ளை தெளிவாக இருக்கும் நேரத்தில், பிள்ளையும் பெற்றோரும் மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து, நோய் எந்தெந்தப் படியில் எப்படித் திரும்பும், அப்போது யார் என்ன செய்வது என்று எழுதி வைக்கிறார்கள். படிகள் நான்கு. மேலே சொன்ன 83 பேரும் இந்த முறையில் கவனிக்கப்பட்டவர்கள். அவர்களில் 100க்கு 70 பேருக்கு நோய் திரும்பவில்லை, 19 பேருக்கு ஓரளவு திரும்பியது, 11 பேருக்கே முழுமையாகத் திரும்பியது.

நம் வீட்டுத் தாள் எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறோம். அவரவர் பிள்ளைக்கு ஏற்றபடி டாக்டரோடு சேர்ந்து மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் படி, நல்ல நிலை: வேளைக்குச் சாப்பிடுகிறாள். சிரித்துப் பேசுகிறாள். தோழிகளோடு வெளியே போகிறாள். செய்ய வேண்டியது: வழக்கம் மாறாமல் பார்த்துக்கொள்வது, கிளினிக் தேதியைத் தவறவிடாமல் போவது.

இரண்டாம் படி, லேசான மாற்றம்: பலகாரத்தை விடுகிறாள். "மத்தியானம் சாப்பாடு லேட்" என்று இரவைக் குறைக்கிறாள். பெரிய சட்டை போட்டுக்கொள்கிறாள். கண்ணாடி முன் நெடுநேரம் நிற்கிறாள். மற்றவர்களுக்குச் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் சாப்பிடுவதில்லை. செய்ய வேண்டியது: அன்றைக்கே அவளோடு பேசுவது, எல்லா வேளையும் ஒருவர் கூட உட்காருவது.

மூன்றாம் படி, எடை இறங்குகிறது: தனியாகத்தான் சாப்பிடுவேன் என்கிறாள். சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய்விடுகிறாள். கோபம், அழுகை, தூக்கம் இல்லை. எப்போதும் குளிர்கிறது என்கிறாள். செய்ய வேண்டியது: அடுத்த தேதிக்குக் காத்திராமல் அந்த வாரமே கிளினிக்குப் போவது, பள்ளி விளையாட்டை நிறுத்துவது.

நான்காம் படி, நோய் முழுதாகத் திரும்பிவிட்டது: செய்ய வேண்டியது ஆஸ்பத்திரி, தாமதம் கூடாது.

தாளில் பிள்ளை தன் கையால் ஒரு வரி எழுதட்டும்: "நான் இப்படி ஆனால், நான் வேண்டாம் என்று சொன்னாலும் என்னைக் கூட்டிப் போங்கள்." பின்னால் தகராறு வரும்போது, அம்மா சொல்வது அம்மாவின் வார்த்தையாக இருக்காது, பிள்ளையே தெளிந்த மனத்தோடு சொன்ன வார்த்தையாக இருக்கும்.

விரதம், ஹாஸ்டல், பரீட்சை

தைப்பூசம், கந்த சஷ்டி, புரட்டாசி என்று நம் ஆண்டு முழுக்க விரதம்தான். பக்தி நல்லது. ஆனால் இந்த நோயிலிருந்து தேறி வருகிற பிள்ளைக்கு விரதம் ஆபத்து. பட்டினிக்கு ஊரே பாராட்டுக் கொடுக்கும் நாட்கள் அவை. நோய்க்கு அதைவிட நல்ல மறைவிடம் கிடையாது. "முருகனுக்கு வேண்டிக்கிட்டேன், நாப்பத்தெட்டு நாள் ஒரு வேளைதான்" என்று பிள்ளை சொன்னால், சாமி காரியம் என்று விட்டுவிடாதீர்கள். உடம்பு முடியாதவர்கள் விரதம் இருக்க வேண்டியதில்லை என்று எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார். தண்ணீர்ப் பந்தலில் நிற்கட்டும், பூ கட்டட்டும், பிரசாதம் பரிமாறட்டும், தானும் சாப்பிடட்டும். அதுவும் நேர்த்திக்கடன்தான்.

எஸ்பிஎம் பரீட்சை, கல்லூரி ஹாஸ்டல், வெளியூர் வேலை, காதல் முறிவு, வீட்டில் ஒரு சாவு, இவையெல்லாம் நோய் திரும்பத் தோதான சமயங்கள். ஹாஸ்டலுக்குப் போகும் முன்பே அந்த ஊரில் எந்தக் கிளினிக், யார் எடை பார்ப்பது, எந்தத் தோழியிடம் விஷயத்தைச் சொல்லி வைப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் மெலிந்த உடம்பைப் புகழ்ந்து வரும் படங்களும் பெரிய தொல்லை. எவற்றைப் பார்க்காமல் விடுவது என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்வது, பிடுங்கி வைப்பதைவிட மேல்.

மாத்திரை உண்டா?

நோய் திரும்பாமல் தடுக்கும் மாத்திரை என்று ஒன்றும் இல்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளுவாக்ஸெட்டின் என்ற மருந்தை, எடை தேறிய 93 பேருக்கு நடத்திய ஓராண்டுச் சோதனையில் பார்த்தார்கள். வெற்று மாத்திரையைவிட அது நோய் திரும்புவதை அதிகமாகத் தடுக்கவில்லை என்று 2006இல் தெரிந்தது. மனச்சோர்வோ பதற்றமோ சேர்ந்திருந்தால் டாக்டர் மருந்து கொடுக்கலாம். அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. ஆனால் மாத்திரையை நம்பிச் சாப்பாட்டையும் ஆலோசனையையும் விட முடியாது.

பேசித் தீர்க்கும் சிகிச்சைக்குப் பலன் இருக்கிறது. எடை தேறிய 33 பேருக்கு ஓராண்டு சிகிச்சை கொடுத்து 2003இல் வெளியான ஆய்வில், எண்ணங்களையும் பழக்கங்களையும் திருத்தும் சிகிச்சை பெற்றவர்களில், நோய் திரும்பியவர்களும் பாதியில் விட்டவர்களும் சேர்ந்து 100க்கு 22 பேர். உணவு ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 73 பேர். அதனால்தான், உடம்பு தேறிய பிறகும் "வந்து பேசிட்டுப் போ" என்று டாக்டர் சொல்கிறார். 'சும்மா பேசுறதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்' என்று நினைக்க வேண்டாம். மந்திரித்துக் கயிறு கட்டுவது உங்கள் நம்பிக்கை. அதில் நாம் குறுக்கிடவில்லை. கிளினிக் தேதியை மட்டும் அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள்.

சம்பளமும் கிளினிக் தேதியும்

இங்கேதான் தொழிலாளி வீட்டுக் கஷ்டம் தெரிகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமக்களுக்குக் கட்டணம் குறைவுதான்: சாதாரணக் கிளினிக்குக்கு 1 வெள்ளி, ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக்கு 5 வெள்ளி. உண்மையான செலவு, தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போகும் வண்டிச் செலவும், அன்றைக்குப் போகும் சம்பளமும்தான். சட்டப்படியான மருத்துவ விடுப்பு தொழிலாளி தானே நோயுற்றால்தான். இரண்டாண்டுக்குக் குறைவான சர்வீஸ் என்றால் ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்தாண்டுக்குள் 18 நாள், ஐந்தாண்டு ஆனவர்களுக்கு 22 நாள். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் தாய்க்கு அந்த எம்.சி. கிடைக்காது.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல், தீபகற்ப மலேசியாவில் தொழிலாளி தன் வேலை நேரத்தையோ நாளையோ மாற்றிக் கேட்டு முதலாளிக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆயினும் கிளினிக் தேதி அட்டையின் நகலை இணைத்து முறையாக எழுதிக் கேட்பதற்கும், பெரட்டில் நின்று கெஞ்சுவதற்கும் வித்தியாசம் உண்டு. எழுதத் தெரியாதவர்கள் கிளைச் செயலாளரிடம் போங்கள். நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. 'பிள்ளைக்கு ஸ்பெஷலிஸ்ட் சிகிச்சை' என்றால் போதும். பக்கத்து வீட்டு அம்மா ஒரு வேளை கூட இருந்து சாப்பாடு போடுவதும், வண்டி வைத்திருக்கும் தோழர் ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய் விடுவதும் சங்க வேலைதான்.

மறுபடி வந்துவிட்டால்?

சில அடையாளங்களைக் கண்டால் கிளினிக் தேதி பார்க்க வேண்டாம். மயங்கி விழுதல், நெஞ்சு படபடப்பு அல்லது வலி, எழுந்து நிற்க முடியாத பலவீனம், கால் வீக்கம், நிற்காத வாந்தி, தண்ணீரைக்கூட மறுத்தல், "செத்துப் போனா தேவலாம்" என்ற பேச்சு. இவற்றில் எது வந்தாலும் நேரே எமெர்ஜென்சி, அல்லது 999. பல நாள் சாப்பிடாமல் இருந்த பிள்ளைக்குப் பயந்துபோய் வீட்டில் ஒரேயடியாக நிறையச் சாப்பாடு ஊட்டுவதும் ஆபத்து. ரத்தத்தில் உப்புச் சத்துகள் திடீரென்று இறங்கி இதயத்தைப் பாதிக்கும். அந்த நிலையில் டாக்டர் பார்வையில்தான் சாப்பாட்டை ஏற்ற வேண்டும். மனம் உடைந்து யாரிடமாவது பேச வேண்டும் என்றால், சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. பெற்றோரும் அழைக்கலாம்.

நோய் திரும்பிவிட்டது என்றால் பட்ட பாடெல்லாம் வீண் என்று தலையில் கை வைக்காதீர்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் இந்த நோய் கண்ட பெண்களை இருபதாண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்து, 2017இல் கணக்கு வெளியிட்டார்கள். ஒன்பதாம் ஆண்டில் 100க்கு 31 பேரே முழுமையாகத் தேறியிருந்தார்கள். இருபத்திரண்டாம் ஆண்டில் அது 63 ஆக உயர்ந்திருந்தது. பத்தாண்டு தேறாதவர்கள்கூடப் பின்னால் தேறியிருக்கிறார்கள். முதல் தடவை எந்தப் படியில் கவனிக்கத் தவறியது என்பதை அந்தத் தாளில் குறித்துக்கொண்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இரண்டாம் படியில் பிடித்தால் ஒரு வாரத்துப் பேச்சோடு போகலாம். நான்காம் படியில் பிடித்தால் மறுபடி ஆஸ்பத்திரிக் கட்டில்.

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளை வீட்டுக்கு வந்த அன்றே காலண்டரில் பதினெட்டு மாதத்தை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை நேரத்துக்குச் சாப்பாடு, கூட ஒரு துணை, தவறாத கிளினிக் தேதி, சுவரில் ஒட்டிய தாள். நான்காவது மாதத்தில் களைப்பு வரும். அப்போது அக்கம்பக்கத்தாரைத் துணைக்குக் கூப்பிடுங்கள். தயங்க வேண்டாம்.